மறைத்து வைக்கும் பருவும் எல்லையோரத்துப் பொறுப்பும்

ஆணுறுப்பில் காணும் சிறு பருக்களில் பல நோயே அல்ல. நோயாக இருப்பவற்றிலும் பெரும்பாலானவை ஒரு களிம்பிலோ ஓர் ஊசியிலோ சில வாரச் சிகிச்சையிலோ அடங்கிவிடும். தோல் மருத்துவர் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கேட்பதற்குத்தான் ஆள் வருவதில்லை. வாளையார், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு தொடங்கி மூணாறு, உடும்பன்சோலை, பீர்மேடு, குமுளி வரை கேரள எல்லையோரத்தில் உழைக்கும் நம் ஆண்கள், குளிக்கும்போது ஒரு பருவைப் பார்த்தால் முதலில் அதை மறைக்கிறார்கள். எய்ட்ஸோ புற்றுநோயோ என்று உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். பிறகு கூட்டம் குறைந்த நேரம் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ கேட்கிறார்கள். மருத்துவர் முன் உட்காரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். இந்தத் தாமதத்தை அந்த மனிதரின் அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம், அது எளிது. அவரைச் சுற்றியுள்ள நாம் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய தாமதம் இது என்று நாங்கள் கருதுகிறோம்.

அச்சப்பட வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுவோம். மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒன்றிரண்டு வரிசையாக, ஒரே அளவில், தோல் நிறத்திலோ சற்று வெளிறியோ, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் சிறு முனைகள் சிலருக்கு இருக்கும். வெவ்வேறு ஆய்வுகளில் 14 முதல் 48 சதவீதம் ஆண்களிடம் இவை காணப்பட்டிருக்கின்றன. பருவ வயதுக்குப் பின் தோன்றி, வயது ஏற ஏற மங்கும். உறவினால் வந்தவை அல்ல. உறவினால் பரவவும் மாட்டா. மருந்தே வேண்டாம். தண்டுப் பகுதியிலும் விதைப்பையிலும் மஞ்சள் கலந்த வெண்புள்ளிகளாகத் தெரிபவை வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள். உதட்டின் உட்புறத்திலும் பலருக்கு இவை உண்டு. 1896இல் ஜான் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே அறியப்படுகின்றன. நடுவயதைத் தாண்டியவர்களின் விதைப்பையில் கருஞ்சிவப்பாகக் கடுகளவில் தெரியும் புள்ளிகள், விரிந்த சிறு இரத்தக் குழாய்கள். உரசினால் ஒருவேளை கசியும், அவ்வளவே. விதைப்பைத் தோலுக்குள் கெட்டியாக உருளும் வெள்ளைக் கட்டிகளும் பெரும்பாலும் தீங்கற்றவையே. ஆனால் கட்டி தோலில் இல்லாமல் விதையிலேயே தட்டுப்பட்டால் கதை வேறு. அதை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தீங்கில்லாத இவற்றை நகத்தால் கிள்ளியும், பிளேடால் சீவியும், சுண்ணாம்பு வைத்துச் சுட்டும் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இல்லாத நோய்க்குத் தன் கையால் ஒரு நோயை வாங்கிக்கொள்ளும் இந்த வேதனையை ஐந்து நிமிடப் பேச்சு தடுத்திருக்கும்.

இனி, வேலையும் வீடும் தரும் நோய்கள். பாலக்காட்டுக் கணவாயின் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அந்த வெயிலில் சித்தூர்ப் பக்கம் கள் இறக்க மரம் ஏறுகிறவருக்கும், முதலமடை மாந்தோப்பில் சுமை தூக்குகிறவருக்கும், கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்காலையில் உலையருகே நிற்கிறவருக்கும் தொடை இடுக்கில் வியர்வையும் உராய்வும் ஓய்வதில்லை. மயிர்க்கால்கள் அழன்று சீழ்ப்பருவாகும். சவரம் செய்த இடத்தில் மயிர் உள்நோக்கி வளர்ந்து முடிச்சிடும். படை படரும். இதையெல்லாம் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி இளநீர் குடித்துப் பார்ப்பது ஊர் வழக்கம். இளநீரால் கெடுதல் இல்லை. ஆனால் ஈர உள்ளாடையை மாற்றாமல் படை போகாது. மொட்டில் அடிக்கடி சிவப்பும் வெள்ளைப் படிவும் முன்தோலில் வெடிப்பும் வந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். தனக்கு நீரிழிவு இருப்பதை ஒருவர் முதன்முதலில் அறிவது இப்படியும் நடக்கிறது.

மலையில் வேறொன்று. சனவரி மாதம் மூணாற்றில் உறைபனி விழும்போது, ஓர் அறையும் சமையற்கட்டுமான தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் படுக்கும் வீட்டில், சொறி சிரங்குக்கு வேறு வரவேற்பு வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வரும் நோய் இது. இரவில் அரிப்பு மிகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று பரவி, ஆண்களுக்கு உறுப்பின் தண்டிலும் விதைப்பையிலும் கெட்டியான, தீராமல் அரிக்கும் முடிச்சுகளாக நிற்கும். அந்த இடத்தில் இருப்பதால் அதை மேகநோய் என்று நினைத்து மறைக்கிறார்கள். மறைத்த வாரங்களில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய்விடுகிறது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எனவே யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தேடுவதில் பயனில்லை.

இதற்கான மருந்து எளிது, கட்டுப்பாடுதான் கடினம். 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் கால் விரல் நுனி வரை, அந்தரங்க இடங்களையும் நகக்கண்களையும் விடாமல் தடவி, இரவு முழுதும் வைத்திருந்து காலையில் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. வீட்டில் அரிப்பு உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர் சொற்படி. உடுப்பையும் போர்வையையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வைத்தால், மனித உடம்பின் சூடு இல்லாமல் உண்ணி செத்துவிடும். உண்ணி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கலாம் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த கடைக்குப் போவார்கள். ஒரு லயத்தின் பத்து வீட்டில் எட்டு வீடு தடவி இரண்டு வீடு விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் சொறி நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தனி மனிதர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அக்கம்பக்கம் ஒத்துழைக்காமல் இந்த நோயிலிருந்து மீள முடியாது.

பால்வினைத் தொற்றுகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது. நடுவில் குழிந்த, மெழுகு போன்ற சிறு பருக்கள் ஒருவகை அம்மை வைரஸால் வருபவை. குழந்தைகளுக்குச் சாதாரணத் தொடுதலாலும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உறவாலும் பரவும், தாமாகவும் மறையும். பூக்கோசுப் பூப்போலச் சொரசொரப்பாக வளர்பவை மருக்கள். அவற்றில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு எச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய வகைகளே காரணம். கருப்பைவாய்ப் புற்றுக்கு முதன்மைக் காரணமான 16, 18 வகைகள் வேறு. என்றாலும் கணவருக்கு மரு இருந்தால் மனைவியும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. நீர்கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுந்து எரிந்து வலித்தால் ஹெர்ப்பீஸ். வேரோடு நீக்க மருந்து இல்லை. ஆனால் அசைக்ளோவிர் மாத்திரை நன்றாகவே அடக்கும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது கிரந்தி எனப்படும் சிபிலிஸ். தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் ஒரு சிறு பரு எழும், புண்ணாகும், வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில் மருந்தில்லாமலே ஆறியும்விடும். கடைக் களிம்பு கேட்டது என்று அவர் நிம்மதியாக இருப்பார். நோயோ இரத்தத்தில் இருக்கும். மாதங்கள் கழித்து மனைவி கருவுற்றால் அந்தக் கரு வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். தொடக்க நிலையில் 24 இலட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஒருமுறை போட்டாலே குணமாகும் நோய்க்கு இவ்வளவு பெரிய விலை. இன்று அரிதாகிவிட்ட டோனோவனோசிஸ் புண்ணும் ஒரு சிறு முடிச்சாகத்தான் தொடங்கும். அதன் கிருமியைச் சார்லஸ் டோனோவன் 1905இல் கண்டது சென்னை மாநகரில். நூறாண்டுக்கும் மேலாக நம் மண்ணிலேயே இருக்கும் அறிவு, மலை ஏற இன்னும் தயங்குகிறது.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், வளரும் கட்டி, பின்னுக்கு இழுக்க முடியாமல் போன முன்தோலுக்கடியில் நாற்றமும் கசிவும் ஆகியவற்றை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஆணுறுப்புப் புற்றுநோய் அரிதுதான். புகையிலையும் நீடித்த அழற்சியும் அதற்கு வழி செய்கின்றன. சீக்கிரம் வந்தவருக்கு உறுப்பைக் காப்பாற்ற முடிகிறது. தாமதித்தவர்களுக்கு உறுப்பையே எடுக்க வேண்டியதாகிறது. இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இந்த ஒன்றில் மட்டும் கூச்சத்தின் விலை அப்படிப்பட்டது.

இனி அந்த ட்யூபுக்கு வருவோம். கடைகளில் படைக்கும் அரிப்புக்கும் கைமாறும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தடவிய இரண்டாம் நாள் சிவப்பும் அரிப்பும் அடங்கும். அடியில் பூஞ்சையோ உண்ணியோ தடையில்லாமல் பெருகும், படையின் வடிவம் மாறி மருத்துவரே தடுமாறுவார். மென்மையான அந்த இடத்துத் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் நெடுநாள் வலியுறுத்திய பிறகு, 2018 மார்ச்சில் மத்தியச் சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை எச் பட்டியலில் சேர்த்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் எல்லையின் இருபுறமும் ஒன்றே. கோபாலபுரத்திலோ போடிமெட்டிலோ நடைமுறை என்ன என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். மருந்துக் கடைக்காரர்களை வில்லனாக்க எங்களுக்கு விருப்பமில்லை. மருத்துவமனை ஒரு நாள் கூலியைத் தின்கிறபோது கடைதான் ஏழையின் மருத்துவமனை. அந்த நம்பிக்கைக்கு அவர்கள் திருப்பித் தர வேண்டியது ஒன்றுதான்: ‘இதற்கு ட்யூப் தரமாட்டேன், இந்த இடத்துக்குப் போங்கள்’ என்று ஒரு முகவரியைத் தாழ்ந்த குரலில் சொல்வது. மருந்து வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தால் ஒரு மாதத்தில் நடைமுறைக்கு வரும் மாற்றம் இது.

லாட்ஜ் அறையில் மாதம் ஒருமுறை முகாமிட்டு ‘ஆண்களின் அந்தரங்க நோய்க்கு’ ஆயிரக்கணக்கில் கறக்கும் ஆட்களைப் பற்றியும் ஒரு சொல். பால்வினை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயச் சிகிச்சை விளம்பரச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சுவரொட்டியைக் கிழிக்கவும் புகார் தரவும் ஊராட்சிக்கு யாரும் தனியாக அதிகாரம் தர வேண்டியதில்லை.

எல்லையோரம் மற்ற இடங்களைவிட ஏன் சிரமப்படுகிறது? கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்கு வந்து மாலையில் திரும்புகிறவருக்கு வேலை ஒரு மாநிலத்தில், ரேஷன் கார்டு இன்னொன்றில். இங்கே மருத்துவமனைக்குப் போனால் கூலி போகும். அங்கே போய்ச் சேருவதற்குள் ஓ.பி. முடிந்துவிடும். இங்கேயே குடியிருப்பவருக்கோ மொழி தடை. சித்தூரிலும் தேவிகுளத்திலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசுகிறவர்கள் கடையிலும் பேருந்திலும் மலையாளத்தில் சமாளிப்பார்கள். ஆனால் அந்தரங்கத்தைச் சொல்லத் தாய்மொழி வேண்டும். சிறுபான்மை மொழிப் பகுதிகளில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே வழி வைத்தது. மருத்துவமனைச் சுவரில் ஒரு தமிழ்ப் பலகை அதற்கு மேற்பட்ட கோரிக்கை ஆகாது.

இன்னொரு காரணத்தை நாம் பேசுவதில்லை. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்கு முன் வாளையார்ச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. அந்தக் காலத்து எய்ட்ஸ் தடுப்புப் பணி லாரி ஓட்டுநர்களையும் பாலியல் தொழிலாளர்களையும் தேடிப் போனது. அது தேவையான பணி, உயிர்களைக் காத்த பணி. ஆனால் ‘அந்த’ மருத்துவமனை அவர்களுக்கானது என்ற எண்ணம் குடும்பஸ்தர்களிடம் ஆழப் பதிந்துவிட்டது. இன்று ஒரு கொழுந்துக் கிடங்குத் தொழிலாளி தன் சொறியைக் காட்டப் போனாலும், வாசலில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூசுகிறார். அந்தக் கூச்சத்தை அவருக்குக் கொடுத்தது நம் வாய்தான்.

வசதிகள் இல்லாமல் இல்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் மாவட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி அளவில் பால்வினை நோய்க்கான இலவச மையங்கள் இயங்குகின்றன. தமிழகத்தில் சுகவாழ்வு மையம் என்பார்கள். மருந்துகள் நிறம் பிரித்த பொட்டலங்களாக வரும். சீழ் வடிந்தால் சாம்பல், வலியில்லாத புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒவ்வாதவருக்கு நீலம், கொப்புளத்துக்குச் சிவப்பு, இடுப்பு மடிப்பில் நெறி கட்டினால் கறுப்பு. தேனியிலும் தொடுபுழையிலும் நிறம் ஒன்றுதான். அப்படியானால் இங்கே தொடங்கிய சிகிச்சையை அங்கே தொடர்வதற்கும், மலையில் இருக்கும் கணவருக்கும் கம்பத்தில் இருக்கும் மனைவிக்கும் ஒரே வாரத்தில் மருந்து கிடைப்பதற்கும் தேவை ஒரு பரிந்துரைச் சீட்டுதான். இரு மாநில மாவட்டச் சுகாதார அலுவலர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அந்தச் சீட்டுக்கு ஒரு வடிவம் கொடுத்துவிடலாம்.

கேரளத்தின் ஆர்த்ரம் திட்டம் 2017 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்பநல மையங்களாக்கி மாலை வரை ஓ.பி.யை நீட்டியது பெரிய காரியம். அங்கே இன்னும் ஒரு படி வேண்டும்: ஆண்கள் பேசுவதற்கு ஓர் ஆண். வீடுவீடாக வரும் ஆஷா ஊழியர்கள் பெண்கள்; அவர்களிடம் அக்கா என்று பேசிப் பழகிய ஒருவரால் இதைச் சொல்ல முடியாது, அவர்களாலும் கேட்க முடியாது. ஆண் சுகாதார ஆய்வாளர்கள் கொசு ஒழிப்புக்கு வரும்போதே இந்தப் பேச்சையும் எடுக்கலாம். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திரை போட்ட ஒரு மூலை, ‘எங்கே போய் வாங்கிட்டு வந்தே?’ என்ற கேள்வி இல்லாத ஒரு விசாரணை. நெரிசல் எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்வியால் ஒரு நோயாளி திரும்பி வரமாட்டார்.

தோட்ட நிர்வாகங்களுக்குக் குடியிருப்பும் நீரும் மருத்துவமும் தரும் கடமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. ஐந்து ஹெக்டேருக்கோ பதினைந்து ஆளுக்கோ குறைந்த ஏலத்தோட்டங்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன. ஜீப்பில் வருகிறவர்களில் பலர் அத்தகைய தோட்டங்களுக்கே போகிறார்கள். அவர்களைக் கவனிக்க ஊராட்சியைத் தவிர யாருமில்லை. தொழிற்சங்கங்களும் இதைத் தங்கள் விஷயமாக எடுக்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனஸுக்கும் கூலிக்கும் சாலையில் அமர்ந்தபோது லயத்தின் அவலமும் நாட்டுக்குத் தெரிந்தது. குளிக்கப் போதுமான தண்ணீரும் தனித்தனிப் படுக்கையும் தோல்நோய்க்கு முதல் மருந்து. கோரிக்கைப் பட்டியலில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

குடும்பங்களிடம் சொல்வதற்குத் தயக்கம் இருந்தாலும் சொல்கிறோம். கணவரின் உடம்பில் ஒரு பருவைப் பார்த்ததும் துரோகம் என்று முடிவுகட்ட வேண்டாம். மருவும் ஹெர்ப்பீஸும் தொற்றி மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். எப்போது, யாரிடமிருந்து என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆண்களுக்கு இதன் மறுபக்கம்: தொற்று உறுதியானால் மனைவியையும் சிகிச்சைக்கு அழைத்து வருவதும், குணமாகும்வரை உறவைத் தவிர்ப்பதும், பிறகு ஆணுறை அணிவதும் உங்கள் கடமை. தான் மட்டும் ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்காரியை நோயோடு விடுவது மன்னிக்க முடியாதது. எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் அறிந்துகொள்ளட்டும்: 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது.

பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் கைப்பேசியில் தேடி மிரண்டுபோகிறார்கள். அவர்களுக்காகத்தான் 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத் திட்டத்தில் மருத்துவமனைகளில் தனி நேரம் ஒதுக்கப்பட்டது. தமிழ்வழிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியரோ உயிரியல் ஆசிரியரோ ஆண்டுக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி, இந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் உள்ளதைச் சொன்னால்கூடப் போதும்.

அடுத்து வரும் கிராமசபைக் கூட்டத்தில் எல்லையோர ஊராட்சிகள் ஒவ்வொன்றும் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளட்டும். குடும்பநல மையத்தில் தமிழ்ப் பலகை, வாரத்தில் ஒரு மாலை ஆண் ஊழியரோடு தனி அறை, ஞாயிற்றுக்கிழமையில் லயத்துக்கே வரும் சொறிச் சிகிச்சை முகாம் ஆகிய மூன்றுக்கும் பெரிய நிதி வேண்டாம். அதுவரை, இன்றிரவு இதைப் படித்துவிட்டு யாரிடம் கேட்பது என்று யோசிப்பவருக்கு: கேரளத்தில் திசா உதவி எண் 1056, தமிழகத்தில் 104, நாடு முழுவதும் பால்வினை நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் 1097. பெயரைச் சொல்லாமலே கேட்கலாம்.